ஓபன்விஎம்எஸ்ஸில் டைரக்டரி மரத்தை பேக்கப் எடுக்கும்போது வரும் சிக்கல்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1977இல் வாக்ஸ்-11/780 கணினியோடு சேர்த்து அறிவித்த இயங்குதளம் விஎம்எஸ். அதன் இன்றைய பெயர்தான் ஓபன்விஎம்எஸ். அதன்பின் ஆல்ஃபா, இட்டேனியம், இப்போது எக்ஸ்86 என்று அடியில் இருக்கும் வன்பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கம்பெனியும் காம்பேக், ஹெச்பி என்று கைமாறியது. 2014இல் உரிமம் பெற்ற விஎம்எஸ் சாஃப்ட்வேர் என்ற தனி நிறுவனம் இன்று அதை வளர்த்துவருகிறது. இவ்வளவு மாற்றத்துக்கு நடுவிலும் பேக்கப் கட்டளை ஏறக்குறைய பழைய முகத்தோடேயே நிற்கிறது. 1980களின் கையேடுகளில் உள்ள உதாரணங்களில் பல இன்றும் அப்படியே ஓடும்.

லினக்ஸ் பழகிவிட்டு இந்தப் பக்கம் வருபவருக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று, 'மேம்படுத்துவதற்கு முன்னால் இந்த டைரக்டரியை முழுசாக பேக்கப் எடுத்து வை' என்பது. அவரும் டார் கட்டளை மாதிரிதான் இருக்கும் என்று நினைத்து ஒன்றை அடிப்பார். ஏதோ ஓடும், டாலர் குறி திரும்ப வரும். அதில் என்ன விட்டுப்போனது என்பது மீட்டெடுக்க வேண்டிய நாளில்தான் தெரியும். டைரக்டரி மர பேக்கப்பில் சத்தம் போட்டு விழும் தவறுகளைச் சரிசெய்வது சுலபம். சத்தமே போடாத தவறுகள்தான் ஆபத்தானவை. இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பு மாறாமல் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நிறுத்தக்குறிகள், அடைப்புகள், புள்ளிகள் எல்லாம் இங்கே இருப்பது போலவே இருக்கட்டும்.

முதலில், சரியான கட்டளை எப்படி இருக்கும்

பழுது பார்ப்பதற்கு முன் ஒரு நல்ல கட்டளை கையில் இருக்க வேண்டும்.

$ பேக்கப்/லாக்/வெரிஃபை டிகேஏ100:[கணக்கு...]*.*;* டிகேஏ200:[காப்பு]கணக்கு.பிசிகே/சேவ்_செட்

டிகேஏ100:, டிகேஏ200: என்பவை டிஸ்க்குகளின் பெயர்கள். இடதுபுறம் எடுக்க வேண்டிய மரம். வலதுபுறம் அது போய்ச் சேரும் ஒற்றைக் கோப்பு, அதாவது சேவ் செட். மூன்று புள்ளிகள்தான் இங்கே உயிர். [கணக்கு...] என்றால் கணக்கு என்ற டைரக்டரியும் அதற்குக் கீழே உள்ள எல்லாமும். [கணக்கு.*] என்றால் அதற்குக் கீழே ஒரே ஒரு நிலை. [கணக்கு.*...] என்றால் கீழே உள்ள எல்லாம், ஆனால் கணக்கு டைரக்டரிக்குள் நேரடியாகக் கிடக்கும் கோப்புகள் வராது. 'மேலே இருந்த கோப்புகளை மட்டும் காணோம்' என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது அவர் அடித்த புள்ளிகளையும் நட்சத்திரக் குறியையும்தான்.

அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும் நட்சத்திரக் குறி, கோப்பின் எல்லாப் பதிப்புகளும் வேண்டும் என்று சொல்கிறது. விஎம்எஸ்ஸில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது பழையது அழியாமல், புதிய எண்ணோடு இன்னொரு பதிப்பு உருவாகும். கடைசிப் பதிப்பு மட்டும் போதுமென்றால் அரைப்புள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம்: *.*; என்று. எது வேண்டுமோ அதை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

அப்புறம் /சேவ்_செட். பேக்கப் கட்டளையில் ஒரு குவாலிஃபையர், அதாவது சாய்கோட்டோடு வரும் விருப்பச் சொல், எந்த இடத்தில் நிற்கிறதோ, அதைப் பொறுத்துப் பொருள் மாறும். /லாக், /வெரிஃபை போன்றவை முழுக் கட்டளைக்கும் உரியவை. /சேவ்_செட் மட்டும் சேவ் செட்டின் பெயரோடு ஒட்டி வர வேண்டும். டிஸ்க்கில் எழுதும்போது அதை விட்டுவிட்டால், நீங்கள் கேட்பது கோப்புக்குக் கோப்பு நகல் என்று பேக்கப் எடுத்துக்கொள்ளும். மரத்தில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் கணக்கு.பிசிகே என்ற பெயரிலேயே எழுதப் பார்க்கும். திரை நிறையக் குழப்பமான செய்திகள் வந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். டேப்பில் எழுதும்போது இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே சேவ் செட் என்பது தானாகவே புரிந்துகொள்ளப்படும்.

சேவ் செட்டை அதே மரத்துக்குள் வைக்காதீர்கள். [கணக்கு...] மரத்தை [கணக்கு.காப்பு] என்ற இடத்தில் எழுதச் சொன்னால், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே வாசிக்கவும் பார்க்கும். வேறு டிஸ்க் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் மரத்துக்கு வெளியே உள்ள டைரக்டரியாவது வேண்டும்.

பிழைச் செய்தியைப் படிக்கும் முறை

விஎம்எஸ் செய்திகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். இதைப் பாருங்கள்:

%பேக்கப்-இ-ஓப்பன்இன், எர்ரர் ஓப்பனிங் டிகேஏ100:[கணக்கு.மாதம்]வரவு.டிஏடி;3 ஆஸ் இன்புட்
-சிஸ்டம்-எஃப்-நோபிரிவ், இன்சஃபிஷியன்ட் பிரிவிலேஜ் ஆர் ஆப்ஜெக்ட் புரொடெக்ஷன் வயலேஷன்

சதவீதக் குறிக்குப் பின்னால் வருவது செய்தியைச் சொல்லும் நிரலின் பெயர். அடுத்த ஒற்றை எழுத்து தீவிரம்: எஸ் என்றால் வெற்றி, ஐ தகவல், டபிள்யூ எச்சரிக்கை, இ பிழை, எஃப் மீள முடியாத பிழை. அதற்குப் பின்னால் செய்தியின் சுருக்கப் பெயர்.

புதியவர்கள் பெரும்பாலும் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்பது நடந்ததைச் சொல்கிறதே தவிர, ஏன் என்று சொல்வதில்லை. காரணம் சிறு கோட்டில் தொடங்கும் அடுத்த வரியில் இருக்கிறது. ஒரே ஓப்பன்இன் செய்திக்குக் கீழே நோபிரிவ் வரலாம், ஏசிகான்ஃப்ளிக்ட் வரலாம், பாரிட்டி வரலாம். முதலாவது அனுமதிப் பிரச்சினை, இரண்டாவது வேறொருவர் கோப்பைத் திறந்து வைத்திருப்பது, மூன்றாவது டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருப்பது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு செய்தி புரியாவிட்டால் ஹெல்ப்/மெசேஜ் என்று அடித்து, பக்கத்தில் சுருக்கப் பெயரைக் கொடுத்தால் கணினியே விளக்கம் தரும்.

இரவில் பேட்ச் வேலையாக, அதாவது திரைக்கு முன்னால் ஆள் இல்லாமல் தானாக ஓடும்படி, ஓட்டும்போது இந்தத் தீவிர எழுத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. டிசிஎல் (விஎம்எஸ்ஸின் கட்டளை மொழி) கட்டளைக் கோப்பு, இ அல்லது எஃப் வந்தால்தான் இயல்பாக நின்றுபோகும். டபிள்யூ வந்தால் ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரிக்குப் போய்விடும். 'கோப்பே தேர்வாகவில்லை' என்பது பேக்கப்பில் வெறும் எச்சரிக்கைதான்! ஆக, பெயர் தப்பாக இருந்து ஒரு கோப்பு கூட எடுக்கப்படாமல் போனாலும், கட்டளைக் கோப்பு முழுதாக ஓடி முடியும். இதைத் தடுக்க, கோப்பின் தொடக்கத்தில் இப்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்:

$ ஆன் வார்னிங் தென் கோட்டூ தவறு

தவறு என்ற லேபிளுக்குக் கீழே யாருக்காவது மின்னஞ்சல் போகும்படி எழுதிவிட்டால் இன்னும் நல்லது. காலையில் லாக் கோப்பில் -டபிள்யூ-, -இ-, -எஃப்- மூன்றையும் சர்ச் கட்டளையால் தேடிப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கோப்பும் எடுக்கப்படவில்லை

செய்தி நோஃபைல்ஸ் என்று வரும். வரிசையாகப் பாருங்கள். முதலில் ஷோ டிஃபால்ட் அடியுங்கள். [.கணக்கு...] என்று புள்ளியில் தொடங்கும் பெயர், நீங்கள் இப்போது நிற்கும் டைரக்டரியிலிருந்து கணக்கிடப்படும். விஎம்எஸ்ஸில் செட் டிஃபால்ட் கட்டளை, நீங்கள் கொடுத்த டைரக்டரி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. எழுத்துப்பிழையோடு கொடுத்தாலும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அடுத்து வரும் கட்டளைதான் மாட்டிக்கொள்ளும்.

டிஸ்க் பெயர் லாஜிக்கலாக, அதாவது வேறொன்றைக் குறிக்கும் மாற்றுப்பெயராக, இருந்தால் ஷோ லாஜிக்கல் கொடுத்து, அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். உங்கள் லாகினில் ஒரு பொருளும், பேட்ச் வேலையில் வேறு பொருளும் இருக்கக்கூடும். பேட்ச் வேலை உங்கள் லாகின் கட்டளைக் கோப்பைத் தானும் ஓட்டும்தான், ஆனால் அங்கே 'இன்டராக்டிவாக இருந்தால் மட்டும்' என்று நிபந்தனை போட்டு எழுதியிருந்தால் அந்த வரையறை பேட்ச்சுக்குக் கிடைக்காது. கையால் அடித்தால் ஓடுகிறது, பேட்ச்சில் ஓடவில்லை என்ற புகாருக்கு இதுதான் வழக்கமான காரணம்.

இவை இரண்டும் சரியென்றால், அதே மரப் பெயரை டைரக்டரி கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். அங்கே தெரியாத எதையும் பேக்கப் எடுக்கப்போவதில்லை.

அனுமதி போதவில்லை

ஷோ பிராசஸ்/பிரிவிலேஜஸ் அடித்து ரீட்ஆல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறர் கோப்புகளை வாசித்து பேக்கப் எடுக்க அதுதான் பொருத்தமான சலுகை. உங்கள் கணக்குக்கு அது ஒதுக்கப்பட்டிருந்தும் இயக்கப்படாமல் இருக்கலாம். அப்போது:

$ செட் பிராசஸ்/பிரிவிலேஜஸ்=ரீட்ஆல்

பைபாஸ் சலுகையைப் போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் அது எழுதுவதற்கும் அழிப்பதற்கும் சேர்த்துப் பாதுகாப்பைத் தூக்கிவிடுகிறது. வாசிக்க மட்டுமே வேண்டிய வேலைக்கு அவ்வளவு அதிகாரம் எதற்கு? ரீட்ஆல் போதும்.

திறந்திருக்கும் கோப்புகள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஓடிக்கொண்டிருக்கும் எந்த மென்பொருளின் டைரக்டரியை எடுத்தாலும் இது வரும். ஓப்பன்இன் செய்திக்குக் கீழே ஏசிகான்ஃப்ளிக்ட் என்று இருந்தால், அந்தக் கோப்பை யாரோ எழுதுவதற்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். பேக்கப் அந்தக் கோப்பைத் தாண்டிவிட்டு மற்றவற்றை எடுக்கும். ஆக, சேவ் செட் உருவாகியிருக்கும். மிக முக்கியமான கோப்பு மட்டும் அதில் இருக்காது, ஏனென்றால் எப்போதும் திறந்தே இருப்பது பெரும்பாலும் முக்கியமான கோப்புதான்.

யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள:

$ ஷோ டிவைஸ்/ஃபைல்ஸ் டிகேஏ100:

பல கணினிகள் டிஸ்க்குகளைப் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டராக இருந்தால் மற்ற கணினிகளிலும் இதை அடிக்க வேண்டும். இந்தக் கட்டளை, அது ஓடும் கணினியில் திறந்திருக்கும் கோப்புகளை மட்டுமே காட்டும்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் /இக்னோர்=இன்டர்லாக் என்பது. அதைச் சேர்த்தால் பிழை போய்விடும், கோப்பும் சேவ் செட்டுக்குள் வந்துவிடும், ஒரு எச்சரிக்கை மட்டும் மிஞ்சும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஒரு இண்டெக்ஸ் கோப்பில் புதிய பதிவு ஒன்று சேரும்போது, தரவு ஒரு இடத்திலும் அதைச் சுட்டும் இண்டெக்ஸ் இன்னொரு இடத்திலும் எழுதப்படும். பேக்கப் கோப்பை முன்னிருந்து பின்னாக வாசித்துக்கொண்டு போகிறது. இண்டெக்ஸ் பகுதியைப் பழைய நிலையிலும், சில விநாடி கழித்துத் தரவுப் பகுதியைப் புதிய நிலையிலும் வாசித்துவிட்டால், சேவ் செட்டில் இருப்பது எந்த ஒரு கணத்திலும் டிஸ்க்கில் இருந்திராத ஒரு கோப்பு. மீட்டெடுத்தபின் அது திறக்கலாம், திறக்காமலும் போகலாம். திறந்து, சில பதிவுகள் மட்டும் காணாமல் போயிருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். சிலவற்றை இன்னும் டிஸ்க்கில் எழுதாமல் நினைவகத்திலேயே வைத்திருக்கும் மென்பொருள்களும் உண்டு. அவை எந்த பேக்கப்பிலும் வராது.

எனவே என் வரிசை இப்படி இருக்கும். மென்பொருளை நிறுத்த முடியுமானால் நிறுத்திவிட்டு எடுங்கள். பத்து நிமிடம் நிறுத்துவதற்கு அனுமதி கேட்கத் தயங்காதீர்கள். நிறுத்த முடியாத தரவுதளமாக இருந்தால் அதற்கென்று உள்ள கருவியைப் பயன்படுத்துங்கள். ஆர்டிபி தரவுதளத்துக்கு ஆர்எம்யு/பேக்கப் இருக்கிறது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சாதாரண ஆர்எம்எஸ் (விஎம்எஸ்ஸின் பதிவு மேலாண்மை அமைப்பு) கோப்பாக இருந்தால் இப்படி ஒரு நகல் எடுத்து, அந்த நகலை பேக்கப்பில் சேருங்கள்:

$ கன்வர்ட்/ஷேர் வரவு.டிஏடி டிகேஏ200:[காப்பு]வரவு.டிஏடி

பயனர் கணக்குகளை வைத்திருக்கும் சிஸ்யுஏஎஃப்.டிஏடி போன்று எப்போதும் திறந்திருக்கும் சிஸ்டம் கோப்புகளுக்கும் இந்த வழிதான். இவை எதுவும் முடியாதபோது மட்டும் /இக்னோர்=இன்டர்லாக். அப்போதும் எந்தெந்தக் கோப்புகள் எச்சரிக்கையோடு வந்தன என்ற பட்டியலை சேவ் செட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பாக வைத்துவிடுங்கள். மீட்டெடுப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று: மாறிக்கொண்டிருக்கும் கோப்புகளில் /வெரிஃபை பிழை காட்டும். வாசித்தபோது இருந்ததும் சரிபார்க்கும்போது இருப்பதும் வேறாகிவிட்டால் ஒப்பீடு தோற்கத்தான் செய்யும். அதைப் பார்த்து டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். யாரும் தொடாத கோப்பில் வெரிஃபை பிழை வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது ஷோ டிவைஸ் காட்டும் பிழை எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இடம் போதவில்லை

மூன்று செய்திகள் ஒன்று போலத் தோன்றும். டிவைஸ்ஃபுல் என்றால் டிஸ்க் நிறைந்துவிட்டது. எக்ஸ்டிஸ்க்கோட்டா என்றால் டிஸ்க்கில் இடம் இருக்கிறது, உங்கள் பங்கு தீர்ந்துவிட்டது. எக்ஸ்கோட்டா என்றால் டிஸ்க்குக்குச் சம்பந்தமே இல்லை, உங்கள் பிராசஸுக்கு ஒதுக்கிய வளம் தீர்ந்துவிட்டது. மூன்றாவது வந்தால் சிஸ்டம் நிர்வாகி ஆத்தரைஸ் நிரலில் உங்கள் கணக்கின் அளவுகளைக் கூட்ட வேண்டும். பேக்கப் ஓட்டும் கணக்குக்கு பைட்எல்எம் (ஐஓ நினைவக வரம்பு) அளவு, 256 மடங்கு ஃபில்எல்எம் (திறந்த கோப்புகளின் வரம்பு) கூட்டல் 6 மடங்கு டிஐஓஎல்எம் (நேரடி ஐஓ வரம்பு) என்ற தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே கணக்குப் போட டைரக்டரி/சைஸ்=ஆல்/கிராண்ட்_டோட்டல் கட்டளையை மரத்தின் மேல் ஓட்டுங்கள். வரும் எண் பிளாக்குகளில் இருக்கும். ஒரு பிளாக் 512 பைட். சேவ் செட் அதைவிடச் சற்றுப் பெரிதாகவே வரும், ஏனென்றால் பேக்கப் இயல்பாகவே 10 பிளாக்குக்கு ஒன்று என்ற கணக்கில், பழுதானால் மீட்க உதவும் உபரி பிளாக் ஒன்றைச் சேர்க்கிறது. டிஸ்க்கில் இடம் நெருக்கடியாக இருந்தால் /குரூப்_சைஸ்=0 என்று அதை நிறுத்தலாம். இடம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை

திரைக்கு முன்னால் இருந்தால் கண்ட்ரோல்-டி (டைம் என்பதன் முதல் எழுத்து) அழுத்துங்கள். சிபியு நேரமும் ஐஓ எண்ணிக்கையும் காட்டும். இரண்டு முறை அழுத்தி எண்கள் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் வேலை நடக்கிறது. ஏறாவிட்டால், பேட்ச் வேலைகளில் அடிக்கடி நடப்பது இது: எழுதுவதில் ஏதோ சிக்கல் வந்து, பேக்கப் ஆபரேட்டரிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காலத்தில் டேப் மாற்ற ஒருவர் கன்சோலில் உட்கார்ந்திருப்பார். இன்று அங்கே யாரும் இல்லை. ஆபரேட்டர் லாக் கோப்பைத் திறந்தால் கேள்வி தெரியும், ரிப்ளை கட்டளையால் பதில் சொல்லலாம். யாரும் கவனிக்காத இடத்தில் ஓடும் வேலைக்கு /நோஅசிஸ்ட் சேர்த்துவிடுவது நல்லது.

சத்தமில்லாமல் விட்டுப்போவது

மர பேக்கப், டைரக்டரியிலிருந்து டைரக்டரிக்கு நடந்து போய்க் கோப்புகளைச் சேகரிக்கிறது. எந்த டைரக்டரியிலும் பெயர் இல்லாத கோப்பு அதன் கண்ணில் படாது. டைரக்டரி கோப்பு சேதமானாலோ, தவறாக நீக்கப்பட்டாலோ, அதற்குள் இருந்த கோப்புகள் டிஸ்க்கில் இருந்தும் பெயரில்லாமல் தொங்கும். அனலைஸ்/டிஸ்க்_ஸ்ட்ரக்சர் ஓட்டினால் இவை தெரியவரும். /ரிப்பேர் சேர்த்தால் சிஸ்லாஸ்ட் என்ற டைரக்டரியில் கொண்டுவந்து வைக்கும். /இமேஜ் போட்டு முழு டிஸ்க்கையும் எடுத்தால், அது டிஸ்க்கின் இண்டெக்ஸ் கோப்பிலிருந்து பட்டியல் எடுப்பதால் இவையும் சேர்ந்து வரும். முழு டிஸ்க்குக்கு மர பேக்கப் மாற்றாகாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

சிஸ்டம் டிஸ்க்கில் இன்னொரு சிக்கல். அங்கே சிஸ்காமன்.டிஐஆர் என்பது விஎம்எஸ்$காமன் டைரக்டரிக்கே இன்னொரு பெயர். மரமாக எடுத்தால் ஒரே கோப்புகள் இரண்டு வழியிலும் வரும். /நோஅலையஸ் குவாலிஃபையர் அதைக் குறைக்கும். ஆனாலும் சிஸ்டம் டிஸ்க் என்றால் /இமேஜ்தான், வேறு பேச்சே இல்லை.

சில கோப்புகளின் மேல் 'பேக்கப் வேண்டாம்' என்ற குறி இருக்கும். பேஜ் ஃபைல், ஸ்வாப் ஃபைல் போன்றவற்றுக்கு அது நியாயம். அவற்றின் பெயர் மட்டும் சேமிக்கப்படும், உள்ளடக்கம் வராது. நோபேக்கப் என்ற தகவல் செய்தி மட்டும் வரும். உங்கள் மரத்தில் எதிர்பாராத கோப்புக்கு இச்செய்தி வந்தால், யாரோ செட் ஃபைல்/நோபேக்கப் போட்டிருக்கிறார்கள். செட் ஃபைல்/பேக்கப் கொடுத்து நீக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் எச்சரிக்க விரும்புவது /ரெக்கார்ட் பற்றி. இது ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் 'இந்தத் தேதியில் பேக்கப் ஆனது' என்று எழுதி வைக்கும். இரவு நேர இன்கிரிமென்டல் வேலை /சின்ஸ்=பேக்கப் என்று அந்தத் தேதியைப் பார்த்துத்தான், எது மாறியிருக்கிறது என்று முடிவு செய்கிறது. நீங்கள் பகலில் உங்கள் வசதிக்காக ஒரு மரத்தை /ரெக்கார்ட் போட்டு எடுத்தால், அன்றிரவு அந்தக் கோப்புகளை இன்கிரிமென்டல் தாண்டிவிடும். உங்கள் சேவ் செட்டை நீங்கள் அடுத்த வாரம் அழித்துவிட்டால், அந்த மாற்றங்கள் எந்த பேக்கப்பிலும் இல்லை! தனிப்பட்ட தேவைக்கு எடுக்கும்போது /ரெக்கார்ட் வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் டைரக்டரி/ஃபுல் அடித்து, பேக்கப் தேதி எப்போது விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

வேறு கணினிக்கு அனுப்பிய சேவ் செட் திறக்கவில்லை

எஃப்டிபி வழியாகப் போய் வந்த சேவ் செட்டை, 'இது பேக்கப் சேவ் செட்டே இல்லை' என்று பேக்கப் மறுப்பது அன்றாட நிகழ்ச்சி. கோப்பு கெட்டுப்போகவில்லை. விஎம்எஸ் கோப்புக்கு உள்ளடக்கத்தோடு, ஒரு ரெக்கார்ட் எத்தனை பைட் நீளம், எந்த வகை என்ற குறிப்புகளும் உண்டு. மற்ற இயங்குதளங்களுக்கு அவை தெரியாது, எனவே வழியில் உதிர்ந்துவிடும். டைரக்டரி/ஃபுல் அடித்துப் பார்த்தால் 512 பைட் ரெக்கார்டுகள் என்று காட்டும். டிஸ்க்கில் எழுதிய சேவ் செட்டுக்கு வழக்கமான அளவு 32256. அதைத் திரும்ப எழுதினால் போதும்:

$ செட் ஃபைல்/ஆட்ரிப்யூட்ஸ்=(ஆர்எஃப்எம்:ஃபிக்ஸ்,எல்ஆர்எல்:32256,எம்ஆர்எஸ்:32256,ஆர்ஏடி:நன்) கணக்கு.பிசிகே

எடுத்தவர் /பிளாக்_சைஸ் கொடுத்து வேறு அளவு வைத்திருந்தால் அந்த எண்ணைப் போட வேண்டும். மூலக் கணினியில் பேக்கப்/லிஸ்ட் ஓட்டினால், பட்டியலின் தலைப்பிலேயே பிளாக் சைஸ் இருக்கும். அங்கேயே எடுத்தவர் பெயர், தேதி, அடித்த முழுக் கட்டளை எல்லாம் பதிவாகியிருக்கும். பழைய சேவ் செட் ஒன்றைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

எஃப்டிபியை ஆஸ்கி முறையில் ஓட்டியிருந்தால் கதை வேறு. அப்போது பைட்டுகளே மாறியிருக்கும், எந்தக் கட்டளையாலும் சரிசெய்ய முடியாது. பைனரி என்று சொல்லி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், அனுப்புவதற்கு முன் விஎம்எஸ்ஸுக்கான ஜிப் நிரலில் "-வி" விருப்பத்தோடு சுருக்கி அனுப்புங்கள். அது ரெக்கார்ட் குறிப்புகளையும் உள்ளே வைத்துக் கொண்டுபோகும். மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள், அந்த விருப்பத்தில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. பெரிய எழுத்துதான் வேண்டும்.

மீட்டெடுத்துப் பாருங்கள்

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே உறுதியான வழி, வேறு இடத்தில் மீட்டெடுப்பதுதான். முதலில் எண்ணிக்கை பாருங்கள்:

$ பேக்கப்/லிஸ்ட் டிகேஏ200:[காப்பு]கணக்கு.பிசிகே/சேவ்_செட்

கடைசி வரியில் மொத்தக் கோப்புகளும் பிளாக்குகளும் இருக்கும். டைரக்டரி கட்டளை தந்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். டிஐஆர் கோப்புகளைக் கணக்கில் எடுக்கும் விதத்தால் ஓரிரண்டு வித்தியாசம் இருக்கலாம். பத்து, இருபது என்றால் லாக் கோப்புக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்து, சோதனைக்காக ஒரு மரம்:

$ பேக்கப்/லாக் டிகேஏ200:[காப்பு]கணக்கு.பிசிகே/சேவ்_செட்/செலக்ட்=[கணக்கு...] டிகேஏ200:[சோதனை...]

வலதுபுறத்திலும் மூன்று புள்ளிகள் வேண்டும். [சோதனை] என்று மட்டும் கொடுத்தால், எல்லாத் துணை டைரக்டரிகளின் கோப்புகளும் ஒரே டைரக்டரியில் கொட்டப்படும். ஒரே பெயர் கொண்டவை ஒன்றோடொன்று மோதும். பழைய பெயர்களிலேயே, பழைய அமைப்பிலேயே திரும்ப வேண்டுமானால் [*...] என்று கொடுக்க வேண்டும். அப்போது எந்த டிஸ்க்கைக் கொடுக்கிறீர்கள் என்பதை இருமுறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

பெயர்களில் சிறிய எழுத்தோ, பல புள்ளிகளோ, நீளமான பெயரோ இருந்தால், மூலம் ஓடிஎஸ்-5 டிஸ்க். ஓடிஎஸ்-2, ஓடிஎஸ்-5 என்பவை விஎம்எஸ் டிஸ்க்கின் இரண்டு கோப்பு அமைப்புகள். அதை ஓடிஎஸ்-2 டிஸ்க்கில் மீட்டால் பெயர்ப் பிழைகள் வரும். ஓடிஎஸ்-2வில் பெயருக்கு 39 எழுத்துதான். ஷோ டிவைஸ்/ஃபுல் இரண்டு டிஸ்க்குகளும் எந்த வகை என்று சொல்லும்.

மீட்டபின் 'கோப்பு இருக்கிறது, ஆனால் மென்பொருள் திறக்க மறுக்கிறது' என்றால் உரிமையாளரைப் பாருங்கள். சாதாரண மர மீட்டெடுப்பில் கோப்புகள் மீட்டெடுப்பவரின் பெயருக்குப் போய்விடும். பழைய உரிமையாளரே வேண்டுமென்றால் வலதுபுறத்தில் /பை_ஓனர்=ஒரிஜினல் சேர்க்க வேண்டும், அதற்குரிய சலுகையும் வேண்டும்.

ஏற்கெனவே அங்கே கோப்பு இருந்தால் பேக்கப் அதைத் தொடாது, 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகரும். மாற்றி எழுத /ரீப்ளேஸ். /நியூ_வெர்ஷன் பாதுகாப்பானது போலத் தோன்றும், பழையதை அழிக்காமல் புதிய எண்ணோடு வைப்பதால். ஆனால் சேவ் செட்டில் ஒரே கோப்பின் பல பதிப்புகள் இருந்தால், பேக்கப் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறங்கி வருகிறது, எழுதும்போதோ எண்கள் ஏறுகின்றன. விளைவு, வரிசை தலைகீழாகிவிடும். இருப்பதிலேயே பழைய பதிப்பு மிகப் பெரிய எண்ணோடு உட்கார்ந்திருக்கும், மென்பொருளும் அதைத்தான் திறக்கும். பல பதிப்புகள் உள்ள மரத்தை எப்போதும் காலியான இடத்தில் மீட்டு, வேண்டிய கோப்பை அங்கிருந்து நகலெடுங்கள்.

சோதனை முடிந்ததும் அந்த மரத்தை நீக்க டெலீட் [சோதனை...]*.*;* என்று கொடுத்தால், ஒரே முறையில் போகாது. உள்ளே ஏதாவது இருக்கும் டைரக்டரியை விஎம்எஸ் நீக்க விடாது, எனவே அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு நிலையாகத்தான் காலியாகும். அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். டைரக்டரிகள் மட்டும் அனுமதிப் பிழையோடு மிஞ்சினால், அவை உருவாகும்போதே உரிமையாளருக்கு நீக்கும் உரிமை இல்லாமல் உருவாவதுதான் காரணம். செட் செக்யூரிட்டி/புரொடெக்ஷன்=ஓ:டி (ஓனருக்கு டெலீட்) என்று அவற்றுக்கு உரிமை கொடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். ஒவ்வொரு முறையும் அடைப்புக்குள் இருப்பது சோதனை மரத்தின் பெயர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.